மூன்றாவது இங்கி

எங்கள் ஊரில் "முடியாது" என்று சொல்வதற்கு ஒரு சொல் உண்டு. ஆனால் அதை யாரும் நாக்கால் தொடுவதில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய் என் எருமையை ஓட்டிக்கொண்டு வா என்றாலும் "இங்கி" என்பார்கள். இந்த மலையைத் தூக்கி அந்தப்பக்கம் வை என்றாலும் "இங்கி" என்பார்கள். சரி, ஆகட்டும் என்று அதற்கு அர்த்தம். வெளியூர்க்காரன் அப்படித்தான் நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொண்டு நாசமாய்ப் போவான்.

நானும் போனேன். நான் சுரபாயாத் துறைமுகத்து மீன் சந்தையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே "உன் மீன் நாறுது" என்று முகத்துக்கு நேரே சொல்வோம். எதிர்க்கடைக்காரி "உன் மூக்குதான் நாறுது" என்பாள். பிறகு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சகிமானைக் கட்டிக்கொண்டு இந்த மலைச்சரிவுக்கு வந்தேன். முதல் கோடையிலேயே கூரை மாற்ற வேண்டியிருந்தது. கூரை மாற்றுவதோ குழி வெட்டுவதோ, இங்கே எல்லாம் ஊர்க்கைதான். கூலி கிடையாது. வீடு வீடாகப் போய்ச் சொன்னால் வருவார்கள், வயிறு நிறையச் சோறு போட வேண்டும். நானும் முப்பது வீட்டுக்குப் போனேன். முப்பது வீட்டிலும் "இங்கி". முப்பது பேருக்கு உலை வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். மிஞ்சிய சோற்றை வெயிலில் உலர்த்தி வைத்து இரண்டு மாதம் தின்றோம்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் பெரிய அறுப்பு, எல்லோரும் அதற்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துவிடும் மடைக்காரர் கார்த்தோவைப் பிடித்துக்கொண்டேன்.

"வரமாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

"சொன்னோமே மருமகளே! அதான் இங்கின்னு சொன்னோமே!"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டேன். இங்கி மூன்று வகை. முதல் இங்கி சின்னது, சட்டென்று வரும். அதோடு ஒரு கேள்வியும் வரும்: எத்தனை மணிக்கு, மண்வெட்டி கொண்டுவரணுமா, என்று. அப்படிக் கேட்டால் ஆள் வருவான். இரண்டாவது, "இங்கி, இங்கி" என்று சிரித்துக்கொண்டே இரட்டையாக வருவது. வந்தாலும் வருவான், வராவிட்டாலும் வராமல் போவான். மூன்றாவது, "இங்ங்ங்கி..." என்று இழுத்து, தலையைக் கவிழ்த்து, கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு சொல்வது. அதன் அர்த்தம், நீ தலைகீழாய் நின்றாலும் நடக்காது என்பதுதான். "இங்கி இங்கி என்பான், எங்கும் அகப்படமாட்டான்" என்று இந்த ஊரே தன்னைப் பற்றிக் கேலி பேசிக்கொள்ளும். பேசிவிட்டு மறுபடியும் இங்கி என்றே சொல்லும்.

இந்த ஊரிலேயே பெரிய இங்கிக்காரர் என் வீட்டுக்காரர். சகிமான் வாயிலிருந்து "முடியாது" என்று ஒருவரும் கேட்டதில்லை, பெற்ற தாய் உட்பட. நல்ல மனுஷன், உழைப்பாளி, என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது பிறத்தியாருக்குப் பட்டா எழுதிக் கொடுத்த வாய்.

அந்த வாய்தான் போன கோடையில் எங்கள் வருஷச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது.

எங்களுக்கு வாய்க்காலை ஒட்டி மூன்று அடுக்கு வயல். மழைக்காலப் பயிரை எலி தின்றுவிட்டது. ஆகவே கோடைப் பயிர்தான் எல்லாம். அது வந்தால் சோறு, இல்லையென்றால் மரவள்ளிக் கிழங்கு. கோடையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் சந்தை வாரத்துக்கு ஐந்தே நாள்: பொன், வாகே, கிளிவோன், லெகி, பஹிங். மடைக்கொரு நாள். உச்சிவேளைத் தொழுகைக்கு அழைப்புக் கேட்டதும் முறை மாறும். எங்கள் முறை பொன். நான் பிறந்ததும் பொன் நாளில்தான், அதனால்தான் எனக்குப் பொனிரா என்று பெயர். தண்ணீரும் நானும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வேன்.

எங்களுக்கு மேல் அடுக்கில் வார்சோனோவின் வயல். பதினெட்டு வயதில் சுமத்ராவுக்குக் காடு திருத்தப் போனவன். இருபத்திரண்டு வருஷம் கழித்து, அப்பன் போய்ச் சேர்ந்ததும், அங்கேயே பிறந்த பெண்டாட்டி ரொஹானாவோடு திரும்பி வந்திருந்தான். நல்ல சுறுசுறுப்பு. நெல் வேண்டாம், குராமி மீன் வளர்க்கிறேன் என்று வயலின் ஒரு மூலையில் ஒற்றை ஆளாகக் குளம் வெட்டிக்கொண்டிருந்தான். சுமத்ராவில் பல ஊர் ஜனம் கலந்து கிடக்கும். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. பையன் காதைச் சுமத்ராவிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான்.

ஒரு கிளிவோன் நாள் காலை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். வார்சோனோ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"அண்ணி, அண்ணன் மனசு இந்த ஊர்ல எவனுக்கும் வராது! கேட்டதும் தண்ணிய எடுத்துக்கடான்னுட்டாரு."

"எந்தத் தண்ணிய?"

"உங்க பொன் முறையத்தான். இந்தப் பொன்னும் அடுத்த பொன்னும். என்னோட வாகே முறையும் சேந்தா ரெண்டு நாள் விடாம ஓடும் பாருங்க. குளம் ஒரே மூச்சுல நெறஞ்சாத்தான் அடிமண்ணு இறுகும். அரையுங்குறையுமா நின்னா வெடிச்சிரும். வர்ற பொன் அன்னிக்கு ஊர்க்கை கூப்பிடுறேன். காலையில மிச்சக் குழிய வெட்டிட்டு, உச்சிக்குத் தண்ணிய விட்டுரலாம்."

பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் போகும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

சகிமான் கொல்லையில் கோழிக்கூட்டுக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். சீப்பை அவர் மடியில் போட்டேன்.

"வார்சோனோகிட்ட தண்ணி தர்றேன்னு சொன்னீங்களா?"

"சொல்லலியே."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"இங்கின்னேன்."

"எந்த இங்கி?"

தலை கவிழ்ந்தது. "மூணாவதுதான்."

"ஐயோ ஆண்டவனே! அவனுக்கு அது புரியுமா? சுமத்ராக்காரன்கிட்ட போய் மூணாவது இங்கியச் சொல்லியிருக்கீங்களே!"

"பொனி, நான் கால் பெருவிரலக்கூட பாத்தேன். பேச்ச மாத்தி, உன் பொண்டாட்டிக்கு ஊரு புடிச்சிருக்காடான்னு கேட்டேன். வானத்தப் பாத்து மழ வருமோன்னுகூடச் சொன்னேன். கோடையில! இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்பிடிப் புள்ள முடியாதுன்னு சொல்லுவான்?"

சிரிப்பதா, அந்த மூங்கிலாலேயே நாலு போடுவதா என்று தெரியவில்லை. பயிர் அப்போது தொண்டைக் கதிர். தாளுக்குள் கதிர் சூல்கொண்டு நிற்கிற நேரம். இந்தப் பத்து நாளும் தண்ணீர் வேண்டும். இரண்டு முறை போனால், போன பொன்னுக்குப் பாய்ந்த வயல் பதினைந்து நாள் காயும். கதிர் வெளியே வரும், தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும், தொட்டால் ஒன்றும் இருக்காது. அத்தனையும் பதர்.

"நகருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். ஒரே வார்த்தை, ஒரே நொடி."

எழுந்து வந்து வழியை மறித்துக்கொண்டார். கையில் மூங்கில் சீவல் இன்னும் இருந்தது.

"நீ சொன்னா, சகிமான் கொடுத்த சொல்ல அவன் பொண்டாட்டி வந்து புடுங்கிட்டுப் போயிட்டான்னு ஆயிடும். நாளைக்கு என் சொல்லுக்கு இந்த ஊர்ல ஒரு துரும்பு மரியாத இருக்காது. நான் கெடுத்தத நான்தான் சரி பண்ணணும். பொன் வரைக்கும் விடு. நானே சொல்லிடுறேன்."

"சொல்லுவீங்களா?"

"இங்கி."

"இது எந்த இங்கி?"

மூங்கில் சீவப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் கிடந்தேன். சகிமான் காலையில் "இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்று மேல் வயலுக்குப் போவார். வார்சோனோவோடு மீன் குஞ்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பி வருவார். இந்த மனுஷனை நம்பி மூன்று அடுக்குப் பயிரை விட்டிருக்கிறேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஹிங் அன்றைக்கு வயலில் இறங்கி ஒரு தாளைப் பிளந்து பார்த்தேன். உள்ளே கதிர் பால் வெள்ளையாகச் சுருண்டு படுத்திருந்தது. மண் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குக் கறந்து கொடுப்பதுபோல் இருந்தது.

அன்று பொழுது சாய ரொஹானா வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"அக்கா, உங்க பெரிய அண்டாவக் கொஞ்சம் குடுங்களேன். நாளைக்கு நாப்பது பேருக்கு ஆக்கணும்."

"நாப்பது பேரா?"

"ஆமாக்கா! போன வீட்ல எல்லாம் சரின்னுட்டாங்க. சுமத்ராவுல பத்துப் பேரக் கூப்பிட்டா நாலு பேரு இப்பவே முடியாதும்பான். இங்க ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல. என்ன ஊருக்கா இது!"

"கார்த்தோ மாமா என்ன சொன்னாரு?"

"அவருதான் ரொம்ப மரியாத. தலையக் குனிஞ்சு, இங்ங்ங்கின்னு..."

கார்த்தோவின் குரலை அப்படியே இழுத்துக் காட்டினாள். முப்பது பேர் சோற்றை முற்றத்தில் காயப்போட்டது நேற்று நடந்ததுபோல் கண்ணில் வந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ஒரு குளத்துக்காக இன்றைக்கு எங்கள் பொன் போனால், நாளைக்கு இன்னொருவன் லெகி போகும், அடுத்து இன்னொருவன் பஹிங் போகும். கீழே வயல் வைத்திருக்கும் நாற்பது வீட்டுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் ஒருத்தன் வாயைத் திறந்து சொல்வானா? சொல்லவே மாட்டான். அவரவர் பெருவிரலைப் பார்த்திருக்கிறார்கள்.

அண்டாவை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"ரொஹானா, பத்துப் பேருக்கு ஆக்கு. போதும்."

அவள் முகம் சுருங்கியது. "ஏங்க்கா அப்பிடிச் சொல்றீங்க?"

"அதுக்கு மேல யாரும் வரமாட்டாங்க."

"தண்ணி போகுதுன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுதுதான். என் வயிறு எரியறதும் நெசம், பத்துப் பேருக்கு ஆக்குன்னு சொல்றதும் நெசம். ரெண்டும் தனித்தனி."

அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். என்மேல் கோபம் என்று அவள் நடையே சொன்னது.

பொன் நாள் விடிந்தது. விடியல் தொழுகை முடித்துவிட்டு வந்த சகிமான் மண்வெட்டியைத் தோளில் போட்டார். மடைக்குத்தான் போகிறார் என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது.

"மடைக்கா?"

"இல்ல. வார்சோனோ குழிக்கு."

"எதுக்கு?"

"கூப்பிட்டான். வர்றேன்னேன். மண்வெட்டி கொண்டாரவான்னுகூடக் கேட்டேன்."

என் தலையில் இடி விழுந்தது. "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? நம்ம பயிரக் குடிக்கப்போற குழிய நம்ம மண்வெட்டியால வெட்டப் போறீங்களா? ஊருல ஒருத்தன் போகமாட்டான், நீங்க மட்டும் போறீங்களா?"

"அதான் போறேன்" என்றார். போயே போய்விட்டார்.

இருபத்தொன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான், சுரபாயாவுக்கே பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, நான் போனால் பயிரை யார் பார்ப்பது என்று தோன்றியது. இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன், மூங்கில் தொப்பியை மாட்டிக்கொண்டேன், நேரே மடைக்குப் போய் நடு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உச்சிக்கு அழைப்புக் கேட்கட்டும். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். யார் மரியாதை போனாலும் போகட்டும். மரியாதையை வேகவைத்துத் தின்ன முடியாது.

மடையிலிருந்து குளக்குழி நன்றாகத் தெரியும். குழியில் இரண்டே தலைகள்: வார்சோனோ, என் வீட்டுக்காரர். கரையில் வாழை இலை அடுக்கி வைத்திருந்தது. எங்கள் அண்டாவில் சோறு, அதைவிடச் சின்ன அண்டாவில் தேங்காய்ப்பால் ஊற்றிய பலாக்காய்க் குழம்பு, கூடை நிறையப் பொரித்த சோயாத் தெம்பே. அவள் நாற்பது பேருக்குத்தான் ஆக்கியிருந்தாள். பிடிவாதக்காரி. ரொஹானா ஊர்ப்பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு மணிக்கு நின்றாள், ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள், பத்து மணிக்கு முந்தானையால் ஈ ஓட்டத் தொடங்கினாள். ஒருவரும் வரவில்லை. ஒருவன் வீட்டில் ஆடு குட்டி போடுகிறது, ஒருவன் மச்சினன் வீட்டுக்குப் போயிருக்கிறான், ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லாம் அவர்கள் பிள்ளைகள் வந்து ஓட்டமாய்ச் சொல்லிவிட்டுப் போன சேதி. எனக்குக் கோபம் எல்லாம் வார்சோனோமேல் இருந்தது. அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் ஊர்மேல் திரும்பியது.

உச்சி நெருங்க நெருங்க, பாருங்கள், ஒவ்வொரு வரப்பிலும் ஆள் முளைத்தது! இடுப்பு பிடித்தவன் புல் அறுக்கிறான். மச்சினன் வீட்டுக்குப் போனவன் காணாமல்போன வாத்தைத் தேடுகிறான். கார்த்தோ மாமா மடைக்காரர் என்ற உரிமையில் என் பக்கத்திலேயே வந்து குந்திக்கொண்டு கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"என்ன சுரபாயாக்காரி, வெயில் காயுறியா?"

"ஆமா மாமா. உங்க மாதிரி ஆளுங்க மூஞ்சில கொஞ்சம் வெளிச்சம் அடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

"இங்கி, இங்கி" என்று சிரித்தார்.

பள்ளிவாசலிலிருந்து அழைப்புக் கேட்டது. நான் எழுந்து நின்றேன்.

வார்சோனோ குழியிலிருந்து ஏறி வந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. கண் சிவந்திருந்தது. குழி பாதிதான் ஆகியிருந்தது, ஆனாலும் விடுவதாயில்லை. அவனுக்குப் பின்னால் சகிமான், அதே சேறு, அதே மெதுநடை.

"அண்ணி, வழி விடுங்க. பலகையப் போட்டுத் தண்ணியத் திருப்பணும்."

"இன்னிக்குப் பொன்."

"தெரியும். அண்ணன் எனக்குக் கொடுத்த பொன். நாப்பது பேரு வர்றேன்னு சொல்லி என் பொண்டாட்டிய அங்க உக்கார வெச்சிட்டாங்க. இந்த ஊர்ல சொன்ன சொல்லக் காப்பாத்தினவரு இவரு ஒருத்தருதான். அவரு சொன்னதையும் நீங்க இல்லைங்காதீங்க." சகிமான் பக்கம் திரும்பினான். குரல் உடைந்திருந்தது. "நீங்களே சொல்லுங்கண்ணே. தண்ணிய எடுத்துக்கவா?"

வரப்பில் அரிவாள் ஓசை நின்றது. வாத்துத் தேடியவன் தேடலை விட்டான். கார்த்தோ மாமா இழுத்த புகையை விடவில்லை. சகிமான் தலை கவிழ்ந்தது. கண் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கால் பெருவிரலுக்கு வந்தது. போச்சு, என்று நினைத்தேன். என் கை மண்வெட்டியை இறுக்கியது. வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது சகிமான் தலையை நிமிர்த்தினார்.

"முடியாது தம்பி."

சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு கேட்கிற குரல்தான். ஆனால் அடுக்குக்கு அடுக்கு அது இறங்கிப் போனதுபோல் இருந்தது. கார்த்தோ மாமாவுக்குப் புரை ஏறியது.

"முடியாது" என்றார் மறுபடியும். சொல்லிப் பார்க்கிற மாதிரி. "பயிரு தொண்டையில நிக்குது. ரெண்டு பொன்னு போச்சுன்னா எங்களுக்கு இந்த வருஷம் சோறு இல்ல. கை தர்றேன்னு சொன்னேன், வந்தேன். பொழுது சாயுறவரைக்கும் வெட்டச் சொல்லு, வெட்டுறேன். நாளைக்கும் வர்றேன். தண்ணி தர்றேன்னு நான் சொல்லவே இல்ல."

"இங்கின்னீங்களேண்ணே!"

"ஆமாடா. நீ பேசினது என் காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்."

வார்சோனோ அவரையே பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு வரப்பாக, ஒவ்வொரு முகமாக. சுமத்ராவில் விட்டு வந்த காது அந்த நிமிஷம்தான் அவனிடம் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

"அப்ப..." என்று தொண்டையைச் செருமினான். பிறகு இரு கையையும் வாயில் குவித்து எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். "அப்ப நீங்க எல்லாரும் எனக்குச் சொன்ன இங்கியும் இதே இங்கிதானா?"

பிறகு மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குவரை, ஆணும் பெண்ணும், ஒரே குரலாகச் சொன்னார்கள்:

"இங்கி!"

சின்னது. சட்டென்று வந்தது. அப்பட்டமான முதல் இங்கி.

முதலில் சிரித்தது வார்சோனோதான். மடைப் பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது, இருக்கட்டும். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரைக் கோழை என்று இரண்டு நாளாக மனசுக்குள் திட்டியிருக்கிறேன். விடியலிலிருந்து வார்சோனோவின் குழியில் நின்று வியர்வை சிந்திவிட்டு, அந்தச் சேற்றோடு வந்து "முடியாது" என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்குமா? நான் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன். அதற்கு வாய் மட்டும் போதும்.

கார்த்தோ மாமா எழுந்தார். மேல் மடையை அடைத்து எங்கள் மடையைத் திறந்தார். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும்போது மண் மொடுக் மொடுக்கென்று குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அதற்குள் ரொஹானா கையில் கரண்டியோடு வரப்பில் வேகமாக நடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சோறு ஆறுது! இப்ப சாப்பிட வர்றவங்க யாரு? எவனாவது இங்கின்னு சொன்னீங்க, இந்தக் கரண்டியாலயே மண்டையில போடுவேன். வர்றியா, இல்லியா, வாயத் தொறந்து சொல்லுங்க!"

ஊர் திகைத்துப் போய்விட்டது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கார்த்தோ மாமாதான், புதுச் சொல்லைக் கற்றுக்கொள்கிற குழந்தைபோல, "வர்றேன்" என்றார்.

"நானும் வர்றேன்" என்றான் இடுப்பு பிடித்தவன்.

நாற்பது பேரும் வந்தார்கள். குழம்பு பிரமாதம். ரொஹானா என் இலையில் இரண்டு தெம்பே கூடுதலாக வைத்துவிட்டு, "பத்துப் பேருன்னீங்களே" என்றாள். "தப்புத்தான், ஒருத்தர்னு சொல்லியிருக்கணும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த ஊரில் என்னோடு சண்டை போடவும் டீ குடிக்கவும் இப்போது ஓர் ஆள் இருக்கிறாள். அது எனக்குப் பெரிய விஷயம்.

சாப்பாட்டின் நடுவில் வார்சோனோ கேட்டான்: "மழ புடிச்சதும், தண்ணி எல்லாருக்கும் மிஞ்சுற நேரத்துல, குளத்த வெட்டிக் குடுக்க வருவீங்களா?"

"இங்கி" என்றார்கள்.

என் பக்கம் சாய்ந்து, "அண்ணி, இது எந்த இங்கி?" என்று கிசுகிசுத்தான்.

"எத்தன மணிக்கு?" என்று யாரோ ஒருவர் பந்தியின் கோடியிலிருந்து கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிர் தேறியது. தேறியது என்ன, கதிர் தலையைத் தொங்கப்போட்டு வரப்பில் விழுந்தது. வீட்டுக் குதிர் நிரம்பி, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் மூட்டையாக அடுக்கினோம். மழை பிடித்ததும் குளமும் வெட்டியாகிவிட்டது. குராமிகள் இப்போது என் உள்ளங்கை அளவு இருக்கின்றன.

ஒரே ஒரு தொல்லைதான். மனுஷன் ருசி கண்டுவிட்டார். நேற்றுக் காலையில் அடுப்படியில் இருந்துகொண்டு, "ஏங்க, கொஞ்சம் விறகு பொளந்து போடுங்க" என்றேன். கூட்டில் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, மலர்ந்த முகத்தோடு, "முடியாது" என்றார். இருபத்தொன்பது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காக இவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அது வீட்டுக்கு வந்ததும் முதலில் என் தலையில்தான் விழுந்தது.

"அப்புறம் பொளக்கிறேன். இப்ப ஒரு காப்பி போட்டுக் குடு புள்ள" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். கால் பெருவிரலைப் பார்த்தேன். நன்றாக இழுத்து, "இங்ங்ங்கி..." என்றேன்.

விறகு ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டது.